உப்பிலியபுரத்துக் காட்டு மாடு

ஸ்ரீரங்கம்
10.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மதி எழுதுகிறேன். உங்கள் இருமல் நின்றதா? போன முறை மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது, வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசியது பாதி காதில் விழவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏதோ கேட்டீர்கள், நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இனிமேல் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அம்மா நலம். அடையவளஞ்சான் வீதியில் ஓர் ஐயங்கார் மாமி நடத்தும் சமையல் கூடத்து வேலை பழகிவிட்டது. முகூர்த்த நாட்களில் விடிவதற்கு முன்பே தேங்காய் துருவப் போய்விடுகிறாள். "சின்ன வெங்காயம் வெளைஞ்ச ஊர்ல பொறந்துட்டு, வெங்காயத்தையே கண்ணுல காட்டாத எடத்துல வந்து குந்தியிருக்கேன் பாரு" என்று சிரிக்கிறாள். வேணி அக்காவுக்கு ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிவிடுகிறது. வரன் பேச்சு நடக்கிறது. அதை அம்மா தனியாக எழுதுவாள்.

அப்பா, இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மியூசியம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேனே. குப்பிகளில் பாம்பு, பஞ்சடைத்த பறவைகள், கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் விலா எலும்பு எல்லாம் இருக்கும். விடுமுறை முடிந்து போனால் கூடத்தின் நடுவில் புதிதாக ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. காட்டு மாடு. ஆளுயரத்துக்கு மேல் முதுகு. கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம். பக்கத்துப் பலகையில் கிடைத்த இடம் என்று போட்டு, உப்பிலியபுரம் அருகே, பச்சைமலை அடிவாரம் என்று எழுதியிருக்கிறது. மாதமும் வருடமும் இருக்கின்றன. நம் கொல்லையில் விழுந்ததேதான் அப்பா. வழக்கு முடிந்தபின் வனத்துறை அனுமதி கொடுத்து, அப்போது அவர்களே புதைத்த இடத்திலிருந்து எலும்பை எடுத்துக் கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். இரண்டாம் வருட மாணவர்கள்தான் சுற்றிக் காட்டி விளக்க வேண்டும். அற்புதசாமி சார் எங்கள் பேராசிரியர். "உனக்குத்தான் நல்ல குரல், நடுக்கூடத்தை நீ பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். பறவைகள் பகுதியைக் கூடப் படிக்கும் இம்தியாஸ் பார்த்துக்கொள்கிறான். நான் மாற்றிக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? இங்கே யாருக்கும் உங்களைப் பற்றித் தெரியாது. அப்பா விவசாயி, ஊரில் இருக்கிறார் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த மாடு செத்த கதையில் இருப்பது என் அப்பா என்று என் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது.

கோபப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
அறிவுமதி

*

மத்திய சிறை, திருச்சி
24.8.2024

அன்பு மகள் மதிக்கு அப்பா எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் அதிகாரி ஐயாவுக்கும் ஒரு கும்பிடு.

இருமல் நின்றுவிட்டது. என்னை இங்கே தோட்ட வேலையில் போட்டிருக்கிறார்கள். கத்தரியும் வெண்டையும் காய்க்கிற காய்ப்பைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். இவ்வளவு பெரிய மதில் இருக்கும்போது எந்தப் பன்றி உள்ளே வரும்? இப்படி ஒரு மதில் நம் கொல்லைக்கு இருந்திருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இல்லை பாப்பா. அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்பதை மனசு வாங்கமாட்டேன் என்கிறது. மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும் என்றல்லவா இருந்தேன். என்ன மாடு அது. விடியற்காலையில் மக்காச்சோளத்துக்குள் கிடந்ததை முதலில் பார்த்தபோது பாறை என்று நினைத்தேன். பன்றிக்குக் கட்டிய கரண்டு கம்பி. அது வரும் என்று யார் கண்டது?

அன்றைக்கு ஊர்க்காரர்கள் சொன்னபடி செய்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. இழுத்து ஓடையில் போடு என்றான் ஒருவன். கூறு போட்டுவிடலாம் என்று கத்தியோடு வந்தான் இன்னொருவன். நான்தான் முடியாது என்றேன். நம் கொல்லையில் செத்தது நம் வீட்டு மாடு மாதிரி. உன் அம்மா மஞ்சள் கரைத்து நெற்றியில் பூசிக் குங்குமம் வைத்தாள். நான் குழி வெட்டினேன். அந்த உடம்புக்குக் குழி வெட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் வனத்துறை வந்துவிட்டது. முதலில் அவர்களுக்குச் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னார். செத்துக் கிடப்பதை அப்படியே போட்டுவிட்டு யாராவது போன் பண்ணப் போவார்களா? எனக்குத் தோன்றவே இல்லை. கோர்ட்டில் அந்தக் குழியைத்தான் பெரிதாகப் பேசினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரி நான் வக்கீலைக் குறை சொல்லவில்லை. கம்பி கட்டியது நான்தான்.

நீ என்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. படித்து முடிக்கிற வரை ஊமையாக இரு. எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஒன்று மட்டும் எழுது. அந்தப் பலகையில் என்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறது? ஒளிக்காமல் எழுது.

அன்புள்ள அப்பா,
வீரமலை

*

ஸ்ரீரங்கம்
15.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். உங்கள் பெயர் இல்லை. இப்படித்தான் இருக்கிறது: "தன்னலம் மிகுந்த மனிதர்கள் அமைத்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி உயிரிழந்த காளை. கொன்றவர்கள் உடலைப் புதைத்துத் தடயத்தை அழிக்க முயன்றபோது பிடிபட்டனர்."

இதை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சொல்கிறேன் அப்பா. முதல் வாரம் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு தடையும் இல்லாமல் வந்தது. அன்றைக்குத்தான் பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பஸ் உங்கள் மதிலை ஒட்டித்தான் போகிறது. தினமும் போகும்போதும் வரும்போதும் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் வருகிறேன், ஆனால் மதில் வந்ததும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

போன வாரம் துவாக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்தார்கள். கூட வந்த ஆசிரியை, "பாத்தீங்களா பிள்ளைங்களா, இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் வெளியவே விடக்கூடாது" என்றார். பிள்ளைகள் கோரஸாக "ஆமா டீச்சர்" என்றார்கள். நான் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்துவிட்டேன்.

சாரிடம் ஒருநாள் கேட்டேன். "சார், தன்னலம்னு போட்டிருக்கறத மட்டும் எடுத்துடலாமா? பன்னிக்குப் பயந்து கட்டியிருப்பாங்கல்ல" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கோர்ட் சொன்னதுக்கு மேல நாம என்னம்மா சொல்றது? கரண்டைத் திருடிக் கம்பில விட்டவன் மேல உனக்கென்ன அக்கறை?" என்று கேட்டார். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "இல்ல சார், சும்மாதான்" என்று வந்துவிட்டேன்.

அம்மா மஞ்சள் பூசியது பலகையில் இல்லை. குழி ஏன் வெட்டினீர்கள் என்று இல்லை. எனக்குத் தெரிந்தது எதுவும் அங்கே இல்லை, நான் சொல்வது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அப்பா.

சாப்பாட்டில் கோபத்தைக் காட்டாதீர்கள்.

மகள்,
மதி

*

மத்திய சிறை, திருச்சி
20.12.2024

அன்பு மகள் மதிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் நீ அறிவாய். எழுதினால் தப்பாக ஏதாவது எழுதிவிடுவேன் என்று பேனாவைத் தொடவில்லை.

தன்னலம் என்று எழுதியவர் ஒரே ஒரு ராத்திரி பன்றி விரட்டப் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டியிருப்பாரா? காலையில் போய்ப் பார்த்தால் கதிரெல்லாம் சப்பிப்போட்டுக் கிடக்கும். உன் அக்கா கல்யாணத்துக்கு என்று நம்பியிருந்த வெள்ளாமை அது. வயிறு எரிந்துதான் கம்பி கட்டினேன். தப்பு என்று ஜட்ஜ் சொன்னார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். நான் வெளியே வந்த பிறகும் அந்தப் பலகை அங்கேயே இருக்கும் போலிருக்கிறது. சரி, போகட்டும். பட்ட காலிலே படும்.

நல்ல சேதி சொல்கிறேன். வேணிக்குத் தை மாதம் உறையூரில் கல்யாணம் முடிவாகியிருப்பதாக உன் அம்மா மனுவில் வந்து சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் என் விஷயம் எல்லாம் தெரிந்தும் சம்மதித்திருக்கிறார்களாம். மகராசன்கள். உன் அம்மா வேலை பார்க்கும் சமையல் கூடத்து மாமி கூட "எல்லாம் பெருமாள் திருவுள்ளம்" என்று சொல்லிச் சமையலைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்துவிடும் என்று ஐயா சொல்கிறார்.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை. நீ சொல்லாமலே எனக்கு அது உறைத்தது. அந்தக் கூடத்துக்கு ஒருதடவை வரட்டுமா பாப்பா? உன்னோடு பேசமாட்டேன். யாரோ வந்து பார்ப்பது மாதிரி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அந்த மாட்டை ஒருதடவை பார்க்க வேண்டும். அதைவிட, நீ நாலு பேருக்கு முன்னால் நின்று பேசுகிறாய் அல்லவா, அதைக் கேட்க வேண்டும். ஸ்கூல் ஆண்டு விழாவில் நீ பேசியபோது நான் தண்ணி பாய்ச்சப் போயிருந்தேன். இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா

*

ஸ்ரீரங்கம்
3.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுப்பு கிடைக்கும் என்று கேட்டு அம்மா சமையல் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உங்களுக்குப் புது வேட்டி எடுத்தாயிற்று. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரே கொள்ளாமல் வந்துகொண்டிருக்கிறது. அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருக்கிறது.

மியூசியத்துக்கு வர வேண்டாம் அப்பா. சனிக்கிழமை ரொம்பக் கூட்டமாக இருக்கும். கல்யாண அலைச்சலில் உங்களுக்கும் களைப்பாக இருக்கும். அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. எலும்புதான்.

பொய் சொல்கிறேன். கூட்டத்துக்காக இல்லை. நீங்கள் நிற்கும்போது என்னால் அதைச் சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது, சார் பக்கத்திலேயே நிற்பார். நீங்கள் வெளியே வந்த பிறகு ஒருநாள் கூடம் பூட்டியிருக்கும்போது சாவி வாங்கி உங்களை மட்டும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். இப்போது வராதீர்கள்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

மதி

*

மத்திய சிறை, திருச்சி
6.2.2025

மதிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். கல்யாணம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வேணி தாலி ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அது போதும். உன் சிநேகிதர்கள் என்று ஒரு பிள்ளையும் பந்தியில் இல்லை. கேட்கலாம் என்று நினைத்தேன், பிறகு எனக்கே புரிந்து, சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டேன்.

நீ வராதே என்று எழுதியும் வந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் நீ புடவை கட்டிக்கொண்டு, கல்யாண மருதாணிக் கையோடு, "லீவு போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடினாய். உன் அம்மாவிடம், "எந்திரி, மக வேல பாக்கறத ஒருவாட்டி பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். அவள் வேண்டாம் என்றாள். மகள் பேச்சைக் கேட்காத நான் மனைவி பேச்சையா கேட்கப்போகிறேன்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் யார் எவர் என்று ஒன்றும் கேட்கவில்லை. "செருப்ப அப்படி விட்டுட்டு உள்ள போங்க ஐயா" என்றார். ஐயா என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. உள்ளே மருந்து வாசனை. பறவைகள் பக்கம் நின்ற பையன் உன் அம்மாவுக்கு ஆந்தையைக் காட்டி நன்றாக விளக்கினான். தங்கமான பிள்ளை.

அப்புறம் நடுக்கூடம். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. சதை இல்லை, தோல் இல்லை, ஆனாலும் நிற்கிற நிலை அதேதான். கும்பிடலாம் என்று கை எழுந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

நீ பேசினாய். என் மகள் பேசுகிறாள் என்று எனக்குப் புல்லரித்தது. மைக் இல்லாமல் கடைசியில் நின்ற எங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. எவ்வளவு உயரம், என்ன தின்னும், எப்படிக் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் என்று சொன்னாய். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். தன்னலம் என்று நீ சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் முன்னாடியே எழுதிவிட்டாயே, தயாராக வந்திருந்தேன்.

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு கையைத் தூக்கி, "அக்கா, அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டது. நீ நிமிர்ந்தாய். அப்போதுதான் என்னைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய் மதி, உன் கண் என் கண்ணிலேயே நின்றது. பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாதும்மா" என்று சொன்னாய்.

கூட வந்த வாத்தியார், "எங்க இருப்பான், கம்பி எண்ணிட்டிருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீ எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்தான் யாரிடமும் சொல்லாதே என்று எழுதினேன். எழுதும்போது சுலபமாக இருந்தது. காதால் கேட்டபோது தாங்கவில்லை. ஜட்ஜ் தீர்ப்பு வாசித்தபோதுகூட நான் நிமிர்ந்துதான் நின்றேன். இதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் உனக்கு நல்லது. நாளைக்கு வேலைக்குப் போவாய், கல்யாணம் ஆகும். அங்கேயும் யாராவது கேட்பார்கள். தெரியாது என்று சொன்ன வாய் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் புழுங்கக் கூடாது. நிஜமாகவே தெரியாமல் இருந்துவிட்டால் புழுக்கம் இல்லை. அதனால் இனி மனுவுக்கு வராதே. கடிதம் போடாதே. போட்டாலும் பதில் வராது. அம்மா வந்து நலம் சொன்னால் போதும். நான் பிடிவாதக்காரன் என்று உனக்குத் தெரியும்.

நன்றாகப் படி. வெயிலில் குடை இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்காதே.

வீரமலை

*

ஸ்ரீரங்கம்
23.2.2025

அப்பா,

அன்புள்ள என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் கடைசியில் அப்பா என்று போடாமல் பெயரை மட்டும் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன்.

தெரியாது என்று ஏன் சொன்னேன்? அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. புது வேட்டியில், தோளில் கல்யாணத் துண்டோடு, பந்தியில் இடம் தேடுகிறவர் மாதிரி நீங்கள் நின்றீர்கள். சார் ஒரு பக்கம், அந்தப் பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன அடுத்த நிமிடமே உங்கள் பின்னால் ஓடிவந்திருக்க வேண்டும். நான் அடுத்த பெட்டியைக் காட்டப் போய்விட்டேன். அதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை அற்புதசாமி சாரிடம் போய்ச் சொன்னேன். "சார், அந்தக் கம்பியைக் கட்டினவர் எங்கப்பா" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். மஞ்சள் பூசியது, குழி வெட்டியது எல்லாம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இத்தனை வாரம் உன்னைய அத சொல்ல வச்சிட்டேனேம்மா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி சனிக்கிழமை பிள்ளைகள் கேட்டால் எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம், பிறகு உங்களுக்கு எழுதலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

சனிக்கிழமை போனால் என்னைப் பட்டாம்பூச்சிக்கு மாற்றியிருக்கிறார்கள். நடுக்கூடம் இம்தியாஸுக்கு. சாரிடம் போய், "நானே பாத்துக்கறேன் சார்" என்று கெஞ்சினேன். "வேணாம்மா, உனக்கு ஏன் அந்தக் கஷ்டம். நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார். இரக்கப்பட்டுச் செய்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பலகையை அடுத்த முறை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்கிறார். அது எப்போது என்று அவருக்கே தெரியாது.

பட்டாம்பூச்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இம்தியாஸ் பலகையில் இருப்பதை அப்படியே சொல்கிறான். அவன்மீது தப்பில்லை, அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் நின்றிருந்தேன், அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்ல நினைக்கிறேன், நிற்க இடம் இல்லை.

பதில் போடமாட்டேன் என்றீர்கள். கோபத்தில் எழுதியதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நாலு வார்த்தை திட்டியாவது எழுதுங்கள். திட்டுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
அறிவுமதி

*

ஸ்ரீரங்கம்
16.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. அம்மா மட்டும் வந்து உங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பற்றிக் கேட்டீர்களா என்று கேட்டேன். சாதம் வடிக்கப் போய்விட்டாள்.

நேற்று சனிக்கிழமை. மியூசியத்துக்குப் போகவில்லை. பஸ்ஸில் உங்கள் மதில் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டேன். மனு கொடுத்துவிட்டுத் தகரக் கொட்டகையில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். பெயர் கூப்பிட்டதும் வலைக்குப் பக்கத்தில் போய் இடம் பிடித்து நின்றேன். என் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு எதிரே யாரும் வரவில்லை.

காவலர் வந்து, "அவரு வரமாட்டேங்கறாரும்மா. நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம். வீட்டுக்குப் போ" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா வேணா கேட்டுப் பாக்கறேன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்து தலையை மட்டும் அசைத்தார். உங்களைக் கட்டாயப்படுத்தி யாராலும் கூட்டிவர முடியாதாம். கைதிக்கு விருப்பம் இருந்தால்தானாம். மதிலுக்கு உள்ளே உங்களுக்கு மிஞ்சியிருக்கிற உரிமை அது ஒன்றுதான், அதையும் என்மேல் பயன்படுத்திவிட்டீர்கள்.

எனக்குக் கோபமும் வருகிறது அப்பா. ஒரு தடவை சொன்ன வார்த்தைக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றுகிறது. அப்புறம் அன்றைக்கு நீங்கள் எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததை நினைத்தால் கேட்க வாய் வரவில்லை. உங்களை வெளியே வா என்று இழுக்கவும் முடியாது, அந்தச் சனிக்கிழமையைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. என் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

அடுத்த மனுவுக்கும் வருவேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்துதான் வருவேன். கொட்டகை நிறைய ஆட்கள் இருக்கும்போது வாசலில் நிற்கும் காவலர், "வீரமலைக்கு யாரு வந்திருக்கறது? என்ன உறவு?" என்று சத்தமாகக் கேட்பார். எழுந்து நின்று "மகள்" என்று சொல்லிவிட்டு, நேரம் முடிந்து போகச் சொல்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

மகள்,
அறிவுமதி